சார்ட் எழுதிய கை: ஒரு மாணவியின் கற்றல் நாட்குறிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு ஒரு கல்வியாண்டு முழுக்க நீண்டது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அந்த வகுப்பின் வகுப்பாசிரியையும் நான்தான். இதில் வரும் மாணவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் டீச்சர், மத்ததெல்லாம் எழுதிக்கோங்க" என்றாள். எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் திருத்தினாள். ஒன்று என் ஞாபகப் பிழை. மற்றொன்று, நான் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொண்ட இடம். அது எது என்று வரும்போது சொல்கிறேன்.

பின்னணி

எங்கள் பள்ளியில் பருவ முடிவில் ஒவ்வொரு மாணவரும் ‘கற்றல் நாட்குறிப்பு’ எழுதித் தர வேண்டும். பெயர்தான் நாட்குறிப்பு, எழுதுவது பருவத்துக்கு ஒருமுறை. அந்தப் பருவத்தில் என்ன கற்றேன், எந்தச் செயல்பாடுகளில் பங்கேற்றேன், அவற்றால் என்ன பயன் பெற்றேன் என்று ஒரு பக்கம். அதற்குப் பத்து மதிப்பெண். வகுப்பாசிரியர் திருத்த வேண்டும்.

36 நாட்குறிப்புகளை ஒரே மாலையில் திருத்தினால் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கண் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். ‘குழுவாகச் செயல்பட்டதால் ஒற்றுமையைக் கற்றேன்’, ‘செய்து பார்த்ததால் பாடம் எளிதில் புரிந்தது’, ‘இது எனக்கு மறக்க முடியாத அனுபவம்’. மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளாக எழுதி எழுதி, எந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் விழும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவும் ஒரு கற்றல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாணவியின் நாட்குறிப்பு எப்போதும் கட்டின் மேலேயே இருக்கும். நானே எடுத்து மேலே வைப்பேன். அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. தலைப்புகளுக்குக் கீழே அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. ஒன்பதுக்குக் கீழே நான் போட்டதே இல்லை. வகுப்பில் கேட்டால் பதில் சொல்வாள், தானாகக் கை தூக்க மாட்டாள். அறிவியலில் நடுத்தரமான மதிப்பெண். "நல்ல பொண்ணு, தொந்தரவே இல்லை" என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வோம். தொந்தரவு இல்லாததால்தான் அவளை யாரும் கவனிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதல் பருவ முடிவில் அறிவியல் கண்காட்சி நடந்தது. ஆறு குழுக்கள், குழுவுக்கு ஆறு பேர். அவளுடைய குழு நீர் வடிகட்டி செய்தது. அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சு, அதன்மேல் நொறுக்கிய கரி, அதன்மேல் பொடிமணல், பிறகு பெருமணல், எல்லாவற்றுக்கும் மேலே கூழாங்கல். கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே தெளிந்து சொட்டும். பக்கத்தில் ஒரு பெரிய சார்ட். அந்தக் குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வந்தவர்கள் எல்லோரும் சார்ட்டைப் பார்த்துத்தான் முதலில் பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் அவள் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருந்தாள்: "நீர் வடிகட்டி செய்ததன் மூலம் நீர் எவ்வாறு தூய்மையாகிறது என்பதைச் செய்முறையாகக் கற்றுக்கொண்டேன். இச்செயல்பாடு எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது." பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டேன்.

கறுப்புத் தண்ணீர்

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் நீர் சுத்திகரிப்புப் பாடம் வந்தது. செய்தவர்களே வகுப்பில் இருக்கிறார்களே, அவர்களை வைத்தே தொடங்கலாம் என்று அவளை எழுப்பிக் கேட்டேன்.

"உங்க வடிகட்டியில முதல்ல சொட்டின தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு டீச்சர்."

அவள் குழுவிலிருந்த ஒரு பையன் பக்கென்று சிரித்துவிட்டான். "கன்னங்கரேல்னு இருந்துச்சு டீச்சர்! கரியைக் கழுவாமப் போட்டுட்டோம். மூணு தடவை ஊத்தின அப்புறம்தான் தெளிஞ்சுது."

வகுப்பே சிரித்தது. கரியை நொறுக்கும்போது மாவு போல ஒரு தூசு ஒட்டிக்கொண்டிருக்கும்; அலசாமல் போட்டால் முதல் தண்ணீரோடு அதுதான் இறங்கும். நான் அதுவரை நடத்திய பாடக்குறிப்பில் இந்த வரி இருந்ததில்லை. ஆனால் கையைக் கறுப்பாக்கிக்கொண்ட யாருக்கும் இது மறக்காது.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து இன்னொரு கேள்வி கேட்டேன். "சரி, உப்புத் தண்ணியை ஊத்தினா கீழ வர்றது உப்பா இருக்குமா, இருக்காதா?"

"இருக்காது டீச்சர். சுத்தமாயிடும்."

அது தவறு. மணல் மிதந்து வரும் துகள்களைத் தடுக்கும். நிறமும் வாடையும் தரும் பொருள்கள் பலவற்றைக் கரி தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைந்துபோன உப்பு இரண்டுக்கும் அகப்படாமல் தண்ணீரோடு கீழே வந்துவிடும். இதற்காக அவளை மட்டும் சொல்ல முடியாது. சிரித்தவர்களிலும் பாதிப் பேர் ‘இருக்காது’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் எழுந்து நின்றது அவள் மட்டும்தானே.

மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "எழுதித் தர்றேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை என் மேசையில், நோட்டிலிருந்து கிழித்த ஒரு அரைத்தாள் இருந்தது. வழக்கமான கோடுகள் இல்லை, தலைப்பு இல்லை.

"நான் வடிகட்டியைத் தொடவே இல்லை. அவர்கள் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தபோது நான் வகுப்பில் உட்கார்ந்து சார்ட் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எப்போதும் என்னிடம்தான் சார்ட்டைக் கொடுப்பார்கள். கூழாங்கல் என்ற சொல்லில் ‘ழா’வை எப்படி வளைத்தால் அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எப்படி வந்தது என்று தெரியாது. நாட்குறிப்பில் சார்ட் எழுதினேன் என்று எழுதினால் மதிப்பெண் வராது என்று நினைத்தேன்."

கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் நினைத்தது சரிதான். சார்ட் எழுதினேன் என்று மட்டும் எழுதியிருந்தால் ஆறோ ஏழோதான் போட்டிருப்பேன்.

பழைய தாள்களைப் புரட்டியபோது

நாட்குறிப்புகளைப் பள்ளியில் கட்டி வைத்திருப்போம். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் எழுதியவற்றை எடுத்தேன். மொத்தம் எட்டுக் குழுச் செயல்பாடுகள் அவற்றில் வந்தன. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் காட்டி, "இதுல உன் கை என்ன செஞ்சுது?" என்று கேட்டேன். சார்ட். தலைப்பு எழுத்து. சார்ட். பெயர்ப்பட்டி. அறிக்கையைத் திருத்தமாகப் படியெடுத்தது. மறுபடி சார்ட் இரண்டு. எட்டாவது ஒரு நாடகம். அப்பாடா, இதிலாவது மேடை ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். "வசனத்தை ஆறு காப்பி எழுதிக் கொடுத்தேன் டீச்சர்" என்றாள்.

அப்புறம் மற்றவர்களுடையதையும் பார்த்தேன். நன்றாகப் பேசுகிற பையன் எல்லாக் கண்காட்சியிலும் விளக்கம் சொல்லியிருந்தான். கைவேலை தெரிந்தவன் வெட்டி ஒட்டியிருந்தான். பொருள் கொண்டுவர முடிந்தவள் பொருள் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவரோ இருவரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏற்கெனவே தெரிந்ததை ஆளாளுக்கு இன்னொரு முறை செய்வதற்கு நாங்கள் ‘செயல்வழிக் கற்றல்’ என்று பெயர் வைத்திருந்தோம்.

குழு வேலையில் ஆட்கள் உழைப்பைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது பழைய செய்தி. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்து அளந்து, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் விசை குறைவதை 1913-ல் வெளியிட்டார். இவள் விஷயம் அதுவல்ல. குழுவிலேயே அதிக நேரம் உழைத்தவள் இவள்தான், இரண்டு மாலைகள் முழுதும். அந்த உழைப்பு பாடத்தின் பக்கம் போகவே இல்லை, அவ்வளவுதான். ‘எல்லோரும் வேலை செய்கிறார்களா’ என்று மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது கண்ணில் படாது. எனக்குப் படவில்லை.

அவள் பொய் எழுதினாளா என்ற கேள்வியும் எழுந்தது. சக ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடிகட்டியின் அடுக்குகள் ஒவ்வொன்றையும் தன் கையால் எழுதியவளுக்கு, எழுதும்போது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருந்திருக்கும். 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஒரு ஆய்வு இதற்கு நெருக்கமானது. அதே பாடத்தைச் சிலர் சரளமான விரிவுரையாகக் கேட்டார்கள். சிலர் தாங்களே கணக்குகளோடு முட்டி மோதிக் கற்றார்கள். பின்னர் வைத்த தேர்வில் முட்டி மோதியவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். ஆனால் ‘நிறையக் கற்றேன்’ என்று அதிகம் சொன்னது விரிவுரை கேட்டவர்கள். கல்லூரி மாணவர்களுக்கே இப்படி என்றால், பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ‘என்ன கற்றாய்?’ என்று நேராகக் கேட்டு, வந்த பதிலுக்கு நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

எடுத்த முடிவுகள்

தலைமை ஆசிரியரிடம் அரைத்தாளைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். என் வகுப்பில் மட்டும் நாட்குறிப்பை மாற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன். ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: பதிவேட்டில் அந்த மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. சரி, எழுதிக் கொடுத்தாலே பத்து என்று வைத்துக்கொண்டோம். என்ன எழுதினாலும் பத்து.

மதிப்பெண்ணைச் செயலிழக்க வைத்ததற்கு அவளுடைய கடைசி வரியே போதுமான காரணம். கூடவே, 1988-ல் ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் செய்த ஆய்வும் மனதில் இருந்தது. சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. என் ‘மிக நன்று’ என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

எழுதும் நேரத்தையும் மாற்றினேன். பருவ முடிவில் எழுதாமல், செயல்பாடு நடந்த அன்றே, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அரைத்தாளில் எழுத வேண்டும். அவள் முதலில் உண்மையை எழுதியது அரைத்தாளில் என்பதால் அந்த அளவையே வைத்துக்கொண்டேன். முழுப் பக்கம் கொடுத்தால் அதை நிரப்பத் தோன்றும். நிரப்பத் தொடங்கினால் ‘மறக்க முடியாத அனுபவம்’ வந்துவிடும்.

கேள்விகள் மூன்று. இன்று உன் கை என்ன செய்தது? எந்த இடத்தில் வேலை நின்றுபோனது? யாராவது கேட்டால் உனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி எது? இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. சிந்தனை தொடங்குவதே ஒரு தடுமாற்றத்தில்தான் என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1910-லேயே எழுதிவிட்டார். எங்கள் பழைய படிவத்தில் தடுமாறியதைச் சொல்ல இடமே இல்லை. ‘பெற்ற பயன்’ மட்டும்தான்.

செயல்பாடு முடிந்து ஒரு வாரம் கழித்து, நோட்டை மூடிவைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் நினைவிலிருந்து எழுதும் சின்னச் சோதனையையும் சேர்த்தேன். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் காட்டியது இது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். செய்த அன்று வரும் தெளிவை நம்பி ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருந்தேன்.

குழுவுக்குள் வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். அளப்பது, பொருத்துவது, பதிவது, வரைவது, விளக்குவது, சரிபார்ப்பது. யாருக்கு எது வருகிறதோ அது. 1971-ல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறையிலிருந்து பாதி எடுத்துக்கொண்டது இது. அதில் பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரே ஒருவரிடம் இருக்கும். அவரிடம் கேட்காமல் மற்றவர்களால் முடிக்க முடியாது.

மொழிப்பாட ஆசிரியர் ஒரு ஆட்சேபம் சொன்னார். "அரைத்தாள்ல மூணு வரி எழுதினா, முழுசா ஒரு பக்கம் கோவையா எழுதற பழக்கம் போயிடும்." அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் செய்த தவறு

முதல் இரண்டு வாரம் தாள்கள் கிட்டத்தட்டக் காலியாகவே வந்தன. ‘அளந்தேன். நிற்கவில்லை. கேள்வி இல்லை.’ அலங்கார வாக்கியங்களை எடுத்துவிட்டதும், அடியில் எழுத ஒன்றும் இல்லாமல் போனது போல. சில தாள்களில் மட்டும் உயிர் இருந்தது. ஒரு பையன், "நாங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே டீச்சர் விடையைச் சொல்லிவிட்டார்கள், அங்கேதான் வேலை நின்றது" என்று எழுதியிருந்தான். உண்மைதான். அன்றிலிருந்து அளக்கும் நேரத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

மூன்றாவது வாரம் அவள் எழுதினாள்: "சீட்டில் எனக்கு வந்தது அளக்கும் வேலை. இன்றும் எழுதத்தான் சொன்னார்கள். சீட்டை மாற்றிக்கொண்டார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அந்தக் குழுவின் மேசைக்குப் போய், "என்ன, சீட்டை மாத்திக்கிட்டீங்களாமே?" என்று கேட்டேன்.

அந்த ‘ஆமே’ போதுமாக இருந்தது. டீச்சருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறு பேர் உள்ள குழுவில் அது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். முனை வந்த பிறகும் சீவினாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

அதன்பின் மூன்று வாரம் அவள் தாளில் அதே மூன்று சொற்றொடர்கள்தான்: செய்தேன், நிற்கவில்லை, கேள்வி இல்லை. குழுவில் அவளுக்கு ‘ரிப்போர்ட்டர்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அதுவும் அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆய்வின் முதல் வரைவில், ‘சில நாள் அவள் வருத்தமாக இருந்தாள்’ என்று எழுதியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு ‘மூன்று வாரம்’ என்று எழுதினாள். தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான்.

வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் அவள் பக்கம் கைகாட்டியது போலாகிவிடும். தனியாக அழைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றாள்; குரலில் அது இல்லை. பிறகு வகுப்புக்குப் பொதுவாக ஒரு விதி அறிவித்தேன். தாளின் வலது மூலையில் வட்டம் போட்டிருந்தால் அதைப் பற்றி வகுப்பில் பேசலாம். வட்டம் இல்லாவிட்டால் அதை நான் மட்டும் படிப்பேன். அதில் எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் எழுதியவரிடம் கேட்ட பிறகுதான் செய்வேன். சீட்டு விஷயத்தையும் யாரும் சொல்லாமலே சரியாகிற மாதிரி மாற்றினேன். குலுக்கியதும் யாருக்கு என்ன வேலை என்று கரும்பலகையில் எழுதிவிட்டால், மாற்றிக்கொள்வது எனக்கே தெரிந்துவிடும். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வட்டம் போட்ட முதல் தாள் வர இரண்டு வாரம் ஆனது. அதுவும் அவளுடையது அல்ல.

ஊசல்

மூன்றாம் பருவத்தில் தனி ஊசல். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, இருபதால் வகுக்க வேண்டும். ஒரே அலைவை அளந்தால் ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலின் தாமதமே பெரிதாகிவிடும் என்பதால் இருபது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 வினாடி. நீளத்தைக் கால் பங்காக்கினால் நேரம் பாதியாகும், அதாவது 1 வினாடி. இருபது அலைவுக்கு முறையே 40, 20 வினாடி வர வேண்டும். குண்டின் எடையை மாற்றினால் எதுவும் மாறாது. வகுப்பில் பாதிப் பேர் அதை நம்ப மறுத்து மூன்று விதமான குண்டுகளை ஆட்டிப் பார்த்தார்கள்.

அன்று அளக்கும் சீட்டு அவளுக்கு வந்தது. கரும்பலகையில் பெயர் இருந்ததால் யாரும் மாற்றவில்லை. வகுப்பு முடிந்து அவள் கொடுத்த தாளின் மூலையில் ஒரு வட்டம் இருந்தது.

"நூலை அளந்தேன், நேரமும் பார்த்தேன். ஒரு மீட்டரில் 39.7 வந்தது. கால் மீட்டரில் 20 வர வேண்டும், 19.2 வந்தது. மூன்று தடவை எண்ணினேன், கிட்டத்தட்ட அதேதான். பக்கத்தில் இருந்தவன் 20 என்றே எழுதிவிடு என்றான். எழுதவில்லை. வேலை அங்கே நின்றது. பதில் தெரியாத கேள்வி: பெரிய நூலில் சரியாக வருவது சின்ன நூலில் ஏன் விலகுகிறது?"

எனக்குக் காரணம் ஊகிக்க முடிந்தது. சொல்லவில்லை. மறுநாள் அவளிடம், "நேத்து எப்படி அளந்தியோ, அதே மாதிரி இன்னொரு தடவை அளந்து காட்டு" என்று மட்டும் சொன்னேன். மேலே முடிச்சில் அளவுகோலின் பூச்சியத்தை வைத்தாள். கீழே குண்டின் அடியைப் பார்த்து 25 என்றாள். சொன்ன கையோடு நின்றாள். குண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், குண்டோட அடி வரைக்குமா, நடு வரைக்குமா?"

"நீயே ரெண்டையும் பாரேன்."

குண்டின் விட்டம் 4 செ.மீ. நடு வரை அளந்தால் அவளுடைய ‘25’ உண்மையில் 23. நூலை இறக்கி, குண்டின் நடு வரை 25 வருமாறு கட்டி, மறுபடி இருபது அலைவு எண்ணினாள். 20.1 வந்தது. ஒரு மீட்டரிலும் அதே 2 செ.மீ. பிழை இருந்ததே, அங்கே ஏன் தெரியவில்லை என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். முந்தின நாள் 20 என்று எழுதச் சொன்ன அதே பையன். அவள் அளவுகோலைக் காட்டி, "நூறுல ரெண்டு பெருசில்ல. இருபத்தஞ்சுல ரெண்டு பெருசு" என்றாள். பிழை விகிதம் பற்றி நான் தனியாக நடத்த வைத்திருந்த பாடத்தை அன்று அவளே முடித்துவிட்டாள்.

என்ன ஆனது

ஆண்டுத் தேர்வில் அறிவியலில் அவள் மதிப்பெண் கொஞ்சம் கூடியது. அது இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பருவத்தில் அவள் வீட்டிலும் கூடுதலாகப் படித்தாள். ஒரு வார இடைவெளிச் சோதனைகளில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிந்தது: அவரவர் கை செய்த பகுதி நினைவில் நின்றது, பக்கத்தில் நின்று பார்த்த பகுதி பெரும்பாலும் நிற்கவில்லை. உப்புத் தண்ணீர்க் கேள்வியை ஆண்டு முடிவில் மறுபடி கேட்டேன். சிலர் இன்னும் ‘சுத்தமாயிடும்’ என்றார்கள். அவள் ‘இறங்கிடும்’ என்றாள்.

வட்டம் போடுவது மெதுவாகத்தான் கூடியது. ஆண்டு முடிவில் பாதித் தாள்களில் வட்டம் இருந்தது. இரண்டு மாணவர்கள் கடைசி வரை ‘எதுவும் இல்லை’ என்றே எழுதினார்கள். அவர்களை இந்த முறை தொடவே இல்லை.

கெட்டதும் நடந்தது. சீட்டு முறையில் செய்த சார்ட்டுகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஆண்டு முடிவுக் கண்காட்சியில் என் வகுப்புக்கு ஒரு பரிசும் இல்லை. அதை நான் தாங்கிக்கொண்டேன், மாணவர்களுக்கு வருத்தம்தான். அதைவிட மோசம் இன்னொன்று. நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் நா எழாத ஒரு பையனுக்கு விளக்கம் சொல்லும் சீட்டு விழுந்தது. ‘இதுவும் பழக வேண்டியதுதானே’ என்று விட்டுவிட்டேன். கண்காட்சி அன்று அவன் பள்ளிக்கே வரவில்லை. ஒருத்தி ஒரே வேலையில் அடைபட்டிருந்ததைச் சரிசெய்யப் போய், இன்னொருவனை முடியாத வேலையில் தள்ளியிருந்தேன்.

அவளும் ஒரு நாள் வந்தாள். "டீச்சர், அடுத்த தடவை சார்ட் நான் எழுதட்டுமா?" எனக்குத் திக்கென்றது. இவ்வளவு செய்தும் பழைய இடத்துக்கே போகிறாளா என்று. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் போல. "எனக்குச் சார்ட் எழுதப் பிடிக்கும் டீச்சர். அது மட்டும்னா பிடிக்காது" என்றாள்.

மாற்ற வேண்டியவை

வட்ட விதி முதல் நாளே இருந்திருக்க வேண்டும். உண்மையை எழுது என்று கேட்பதற்கு முன்பே, எழுதினால் அது எங்கே போகும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

விளக்கம் சொல்லும் வேலையைக் குலுக்கலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும் சொல்லலாம், எழுதிக் காட்டலாம், செய்து காட்டலாம். எது என்று அவரவர் தேர்ந்துகொள்ளலாம். அந்தப் பையனிடம் கேட்டுத்தான் இதை முடிவு செய்தேன். அவன் இன்னும் மூன்றாவதைத்தான் தேர்கிறான்.

எல்லாச் செயல்பாட்டுக்கும் எழுதவைத்ததில் எல்லோரும் களைத்துப்போனோம், நான் உட்பட. இப்போது வாரத்துக்கு ஒன்று. 36 தாளையும் ஒரே நாளில் படிப்பதில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துப் படிக்கிறேன். கண் வழுக்குவதில்லை.

மொழிப்பாட ஆசிரியர் சொன்னது பலித்தது. ஆண்டு முடிவில் முழுப் பக்கம் எழுதச் சொன்னபோது பலர் துண்டு துண்டாகவே எழுதினார்கள். இப்போது பருவ முடிவில், தங்கள் அரைத்தாள்களில் மூன்றைத் தாங்களே தேர்ந்து, அவற்றை வைத்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள். அதை அவரே திருத்துகிறார்.

கேள்விகள் நான்காகிவிட்டன. நான்காவதைச் சொன்னது அவள்தான்: ‘நீ செய்ய நினைத்து, உன் கைக்கு வராமல் போனது எது?’ இந்த ஆண்டு அதிகம் நிரம்புவது அந்த இடம்தான், பெரும்பாலும் வட்டம் இல்லாமல். பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. இந்த ஆண்டும் எல்லோருக்கும் பத்து என்று எழுதிவைத்திருக்கிறேன்.